சலப்பையின் நுண்குடிகள்

சிறுநீரைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுதுவது தகுமோ என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சலமும் மலமும் நம் வீடுகளிலே தணிந்த குரலிற் பேசப்படும் பொருள்கள். ஆயினும் எங்கள் பழைய வைத்திய நூலார் இந்த நாணத்தைப் பாராட்டியவரல்லர். அடக்கத்தகாத உடல் வேகங்கள் பதினான்கு என வகுத்த சித்த வைத்தியம், சிறுநீரையும் அவற்றுள் ஒன்றாக எண்ணியது. நோயாளியின் நீரைக் கலத்தில் ஏந்தி, அதன் நிறம், மணம், நுரை முதலியவற்றை நீர்க்குறி எனவும், அதன்மேல் விட்ட எண்ணெய்த்துளி பரவும் விதத்தை நெய்க்குறி எனவும் பெயரிட்டு ஆராய்ந்தது. பேச நாணும் பொருள்களிலேதான் பிழையான நம்பிக்கைகள் நெடுங்காலம் மறைந்து வாழும். மேனாட்டு மருத்துவத்தில் நூறாண்டுக்கு மேலாக அவ்வாறு வாழ்ந்து, நம் காலத்திலே நிலைகுலைந்த ஒரு நம்பிக்கையின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுகின்றேன்.

அந்நம்பிக்கையை மூன்று வாக்கியங்களில் அடக்கிவிடலாம். நலமுள்ள ஒருவரின் சலப்பையிலுள்ள நீரில் உயிர் எதுவும் இல்லை என்பது முதலாவது. அந்நீரிலே கிருமி காணப்படின் அவர் நோயாளி என்பது இரண்டாவது. கிருமி காணப்படாவிடின் அவருக்குத் தொற்று இல்லை என்பது மூன்றாவது. கேட்பதற்கு எத்துணைத் தெளிவு! ஒன்றிலிருந்து மற்றொன்று தருக்க முறையிற் பிறப்பதுபோலத் தோன்றும். ஆனால் மூன்றனுள் ஒன்றேனும் முழு உண்மையன்று என இப்போது அறிகின்றோம். இவற்றை நம்பியதால் விளைந்த துன்பத்தைப் பெரிதும் அனுபவித்தவர் பெண்களே. பெண்ணின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. குடலிலிருந்து வெளிப்படும் பற்றீரியாக்கள் அவ்வழியே சலப்பைக்கு ஏறுதல் எளிது. பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது நீர்க்கடுப்பும் எரிவும் தரும் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர்.

பாஸ்ற்றரின் குடுவை

இந்நம்பிக்கையின் வேரைத் தேடிப் போனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரான்சு தேசத்துக்குச் செல்லவேண்டும். அழுகும் பொருளிலிருந்து உயிர் தானாகவே தோன்றும் என்று அக்காலத்து அறிஞர் பலர் வாதிட்டனர். லூயி பாஸ்ற்றர் அதனை மறுக்கப் பல பரிசோதனைகளைச் செய்தார். அவற்றுள் ஒன்றில், உடலிலிருந்து நேரே எடுத்த குருதியையும் சிறுநீரையும் காய்ச்சாமலே, தூய்மை செய்த காற்றுள்ள குடுவைகளில் அடைத்து வைத்தார். அவை அழுகவில்லை. 1863இல் அவர் இதனை வெளியிட்டபோது, அழுகலை உண்டாக்கும் உயிர்கள் வெளியிலிருந்து வருவனவே என்ற அவரது கொள்கை மேலும் வலுப்பெற்றது.

பாஸ்ற்றர் கேட்ட வினா உயிரின் தோற்றம் பற்றியது. சலப்பையினுள் குடியிருப்போர் யாவர் என்பதை அவர் வினவவில்லை. எனினும் பின்வந்தோர், அவர் ஒரு வினாவுக்குத் தந்த விடையை மற்றொரு வினாவுக்கும் விடையாகக் கொண்டனர். 1881இல் மன்செஸ்ற்றர் நகர வைத்தியர் வில்லியம் றொபேட்ஸ், சிலருடைய புதிய சிறுநீரிலேயே பற்றீரியாக்கள் நிறைந்திருந்ததைக் கண்டு எழுதினார். அதுவும் நோயின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. நலமுடையோரின் நீர் தூயது என்ற எண்ணம் பாடநூல்களில் ஏறி அமர்ந்தது. பாடநூலில் ஏறியதைக் கீழிறக்குவது எத்துணை அரிது என்பதை ஆசிரியராக உள்ள வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் இலட்சம் என்னும் எல்லை

1950களில் அமெரிக்காவின் பொஸ்ற்றன் நகரில் எட்வேர்ட் காஸ் என்ற வைத்தியர் ஓர் உண்மையான இடர்ப்பாட்டுக்குத் தீர்வு தேடினார். நோயாளர் தாமே பிடித்துத் தரும் சிறுநீர், வெளித்தோலில் உள்ள பற்றீரியாக்களையும் வாரிக்கொண்டு வருவது. அவ்வாறாயின், நீரிலே காணப்படும் பற்றீரியா உள்ளிருந்து வந்ததோ, வழியிலே கலந்ததோ எனப் பிரித்தறிவது எங்ஙனம்? காஸ் எண்ணிக்கையைத் துணைக்கொண்டார். ஒரு மில்லிலீற்றர் நீரில் ஓர் இலட்சம் பற்றீரியாக்களோ அதற்கு மேலோ இருந்தால் உண்மையான தொற்று எனக் கொள்ளலாம் என்று 1956இல் எழுதினார். சிறுநீரகத்தைத் தாக்கும் தொற்றை அறியவும், கருவுற்ற பெண்களில் மறைந்திருக்கும் ஆபத்தை முன்னரே காணவும் அந்த எல்லை பேருதவி புரிந்தது. அவரது பணியின் பெருமையை நான் குறைத்துக் கூறவில்லை.

ஆனால் ஒரு தேவைக்காக வகுத்த எல்லை, காலப்போக்கில் எல்லாத் தேவைக்கும் உரிய சட்டமாகிவிட்டது. ஆய்வுகூடங்களில் வழக்கமாகிவிட்ட முறையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். ஒரு மில்லிலீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீரைச் சிறு வளையத்தால் எடுத்து, ஏகார் என்னும் ஊட்டக்கூழ்த் தட்டிலே தடவி, உடற்சூட்டில், சாதாரண காற்றில், ஒரு நாள் வைத்துப் பார்ப்பர். 1885இல் தியடோர் எஷரிச் குழந்தைகளின் குடலிலிருந்து கண்டறிந்து விவரித்த ஈ. கோலி என்னும் பற்றீரியாவுக்கு இம்முறை மிகப் பொருந்தும். அது விரைந்து பெருகும் இயல்பினது. காற்றை வெறுப்பனவும், மெல்ல வளர்வனவும், தொகையிற் குறைந்தனவும் அத்தட்டிலே தலைகாட்டா. மறுநாள் அறிக்கையில் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதப்படும். பெருங்கண் வலையை வீசிய மீனவன் கரைக்கு வந்து, இந்தக் கடலில் நெத்தலியே இல்லை என்று சாதிப்பது போன்றது இது.

சிக்காகோவில் நடந்தது

முதல் வாக்கியத்தை அசைத்த ஆய்வுகள் இந்த நூற்றாண்டிலே தோன்றின. பற்றீரியாவை வளர்த்துப் பார்க்காமலே, அதன் பரம்பரையலகைப் படித்து இனங்காணும் முறை இப்போது கைவந்துள்ளது. பற்றீரியாக்கள் யாவற்றுக்கும் பொதுவாகவும், இனத்துக்கினம் சிறிது மாறுபட்டும் அமைந்த ஒரு பரம்பரையலகு உண்டு. அதன் எழுத்துவரிசையைக் கொண்டு, ஏட்டின் கையெழுத்திலிருந்து எழுதியவரை அறிவதுபோல, அங்கே இருப்பவர் யாவர் என அறியலாம். 2007இல் அமெரிக்க அரசு மனிதவுடலின் நுண்ணுயிர்களை ஆராயும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வாய், மூக்கு, தோல், குடல், பெண்ணுறுப்பு என்பன அதில் இடம்பெற்றன. சலப்பை இடம்பெறவில்லை. அங்கே எவரும் இல்லை என்பது முடிந்த முடிபாக இருந்தமையால், தேடுவாரும் இல்லை.

சிக்காகோவின் அயலிலுள்ள லொயோலா பல்கலைக்கழகத்தில், நுண்ணுயிரியலாளர் அலன் வுல்வும், பெண்களின் சலப்பை நோய்களைக் கவனிக்கும் வைத்தியர் லின்டா புறூபேக்கரும், அவர்தம் குழுவினரும் தேடினர். வெளித்தோலின் கலப்பு என எவரும் மறுத்துரைக்காத வண்ணம், சிறுகுழாய் செலுத்தி எடுத்த நீரையும், அடிவயிற்றின் வழியே ஊசியால் நேரே சலப்பையிலிருந்து எடுத்த நீரையும் ஒப்பிட்டனர். இருவகை நீரிலும் பற்றீரியாக்களின் பரம்பரையெழுத்து இருந்தது. இது 2012இல் வெளிவந்தது. எழுத்து இருப்பதனால் உயிர் இருக்கிறது என்று சொல்லலாமா, இறந்தவற்றின் எச்சமாக அது இருத்தல் கூடாதா என்ற ஐயம் அடுத்தெழுந்தது. நியாயமான ஐயமே.

அதற்கான விடை 2014இல் வந்தது. இவான் ஹில்ற் என்ற இளம் ஆய்வாளரும் குழுவினரும், வழக்கத்திலும் நூறு மடங்கு மிகுந்த நீரை எடுத்தனர். பலவகை ஊட்டங்களிலும், காற்றுள்ள நிலையிலும் அற்ற நிலையிலும், கூடிய காலம் வைத்து வளர்த்தனர். 65 பெண்களின் நீர் ஆராயப்பட்டது. அவர்களுள் 41 பேர் அடிக்கடி நீர் முட்டும் உபாதை உள்ளவர். 24 பேர் அது இல்லாதவர். 65 மாதிரிகளில் 52இல் உயிருள்ள பற்றீரியாக்கள் வளர்ந்தன. அந்த 52இல் 48ஐ வழக்கமான முறை ‘வளர்ச்சி இல்லை’ என்றே தள்ளியிருந்தது. தங்கள் கட்டுரைக்கு அவர்கள் இட்ட தலைப்பே, சிறுநீர் கிருமியற்றதன்று என்னும் பொருள்படத் தொடங்கியது. நூறாண்டு வாக்கியத்துக்கு ஒரு வரியில் மறுப்பு.

குடலிலே கோடானுகோடியாக வாழும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் சலப்பையின் குடிகள் மிகச் சிலவே. தயிரைப் புளிக்கச் செய்யும் இலக்ரோபசிலசு இனத்தின் உறவினர் அங்கே பரவலாக உண்டு. கார்ட்னெறெல்லா, ஸ்ரெப்ரோகொக்கசு முதலியனவும் உண்டு. 2018இல் 77 பெண்களிடமிருந்து வளர்த்தெடுத்த 149 பற்றீரியாக்களின் முழுப் பரம்பரையெழுத்தும் படிக்கப்பட்டபோது, சலப்பையின் குடிகளும் அயலிலுள்ள பெண்ணுறுப்பின் குடிகளும் நெருங்கிய உறவினர் என்பது தெரிந்தது. இரண்டும் தனித்தனி நாடுகளல்ல. எல்லைவேலி தாழ்ந்த அயல் வளவுகள் எனலாம்.

இக்குடிகளின் சேர்க்கை மாறினால் உபாதை வருமா? 2014இல் அதே குழுவினர், நீரை அடக்கமாட்டாத அவசர உபாதை உள்ள பெண்களிடம் இலக்ரோபசிலசு குறைந்தும் கார்ட்னெறெல்லா மிகுந்தும் இருக்கக் கண்டனர். அதிலும் ஒரு நுட்பம்: ஒரே இலக்ரோபசிலசு குடும்பத்தில் கிறிஸ்பேற்றசு என்ற பிரிவு நலமுள்ளோரிடத்தும், காசெறி என்ற பிரிவு உபாதையுள்ளோரிடத்தும் கூடுதலாகக் காணப்பட்டது. இச்சேர்க்கை மாற்றந்தான் உபாதையைத் தந்தது எனத் துணிதல் இயலாது. உபாதையே சேர்க்கையை மாற்றியிருக்கவும் கூடும். இரண்டும் சேர்ந்து நிற்கின்றன என்பது வரையிலேதான் இவ்வாய்வு சொல்லும்.

தீங்கு செய்யாத விருந்தாளி

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். கிருமி இருந்தால் நோய் என்பதை, சுவீடன் நாட்டுச் சிறுமி ஒருத்தியின் சலப்பை பொய்யாக்கியது. கொதென்பேர்க் நகரில் பள்ளிச் சிறுமியரின் சிறுநீரைப் பரிசோதித்தபோது, அவளிடம் ஈ. கோலி பெருந்தொகையாகக் காணப்பட்டது. குறைந்தது மூன்று ஆண்டுகளாக அது அவளிடம் இருந்தது. அவளுக்கோ எரிவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அந்தப் பற்றீரியா 83972 என்ற இலக்கத்தோடு ஆய்வுகூடங்களிற் பெயர்பெற்றது. சலப்பைச் சுவரைப் பற்றிப்பிடித்து அழற்சியை ஊட்டும் நுண்ணிழைகளை அது தொழிற்படும் நிலையிற் கொண்டிருக்கவில்லை. ஆதலின் வந்த விருந்தாளி வீட்டைச் சிதைக்காது தங்கிற்று.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து அறிஞர் இதனோடு நிற்கவில்லை. சலப்பை முற்றாக வெறுமையாகாத காரணத்தால் மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளாகும் நோயாளரிடம், அவர்தம் இசைவோடு, அதே 83972ஐ வேண்டுமென்றே குடியேற்றினர். 2010இல் வெளிவந்த ஆய்வில் 20 நோயாளர் பங்குகொண்டனர். அப்பற்றீரியா குடியிருந்த காலத்தில் அவர்களுக்கு 13 முறையும், அது இல்லாத காலத்தில் 35 முறையும் தொற்று வந்தது. சாதுவான குடி இடம்பிடித்துக்கொண்டால் துட்டன் நுழைய இடமில்லை என்பது அதன் கருத்து. இது நாடெங்கும் வழங்கும் சிகிச்சையன்று. ஆயினும், கிருமி என்ற மாத்திரத்தே கொன்றொழிக்க வேண்டும் என்பாருக்கு இது சிந்தனை தரவேண்டும்.

இத்தாலியிலிருந்து 2012இல் வந்த செய்தி இன்னும் கூர்மையானது. அடிக்கடி தொற்றுக்கு ஆளாகும் இளம் பெண்களுள், அப்போது எவ்வித அறிகுறியுமின்றி நீரில் மட்டும் பற்றீரியா காணப்பட்டோரைத் தொம்மாசோ காய் என்பவரும் குழுவினரும் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தனர், மற்றதற்குக் கொடுக்கவில்லை. ஓராண்டின் பின் நோக்கியபோது, மருந்துண்டவர்களில் ஏறத்தாழ 47 வீதத்தினர்க்கும், மருந்துண்ணாதவர்களில் ஏறத்தாழ 13 வீதத்தினர்க்கும் தொற்று மீண்டும் வந்திருந்தது. காக்க வந்த மருந்தே காவலரை அழித்துவிட்டதுபோலும். அறிகுறியற்றவரின் நீரிலே பற்றீரியா இருப்பதற்காக மட்டும் மருந்து கொடுத்தலாகாது என்பதே இன்றைய பொது விதி. கருவுற்றிருக்கும் பெண்களும், சிறுநீர்வழியிற் காயமுண்டாக்கும் சத்திரசிகிச்சைக்குச் செல்வோரும் அதற்கு விலக்கு. அவ்விருவர் விடயத்திலும் பரிசோதனையும் சிகிச்சையும் அவசியம்.

‘ஒன்றுமில்லை’

மூன்றாவது வாக்கியந்தான் என் நெஞ்சை மிகவும் உறுத்துவது. வலியோடு வந்த பெண்ணின் அறிக்கையில் எண்ணிக்கை இலட்சத்தைத் தொடவில்லை. ஆகவே அவளுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவர். வலி திரும்பவும் வரும். அவளும் திரும்பவும் வருவாள். இரண்டாம் முறை ‘ஒன்றுமில்லை’ என்பதன் பொருள் மெல்ல மாறும். நோய் சலப்பையில் இல்லை, மனத்திலே இருக்கிறது என்ற குறிப்பு அதில் ஏறிவிடும். ஆங்கில வைத்திய நூல்களில் இந்நிலைக்குத் தனிப்பெயரொன்றும் சூட்டப்பட்டது. பெயர் சூட்டியதால் எவருக்கும் வலி தணியவில்லை.

இதனை எதிர்த்துப் பேசியவர்கள் சிக்காகோ ஆய்வுக்கு முப்பதாண்டு முன்னரே இருந்தனர். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் றொசலின்ட் மாஸ்கெல் என்ற பெண் வைத்தியர், வழக்கமான தட்டிலே வளராத பற்றீரியாக்கள் இப்பெண்களின் நீரில் இருப்பதை 1979இல் எடுத்துக்காட்டினார். அவரது கூற்று அக்காலத்திற் பெரிதும் ஏற்கப்படவில்லை. 1982இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து வால்ற்றர் ஸ்ராம் என்பவரும் குழுவினரும், திடீரென நீர்க்கடுப்பு உற்ற பெண்களில் ஒரு மில்லிலீற்றருக்கு நூறு என்ற அளவில் ஈ. கோலி போன்றவை இருந்தாலும் அது பொருட்படுத்தத்தக்கது என்று நிறுவினர். இலட்சம் எங்கே, நூறு எங்கே! இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வேறுபாடு. அந்த இடைவெளியில் எத்தனை பெண்கள் தம் வலிக்குச் சான்றின்றி நின்றிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

இங்கே ஒரு விந்தை புலப்படும். வலியுள்ளவளுக்கு மருந்து மறுக்கப்பட்டதும், வலியற்றவளுக்கு வேண்டாத மருந்து ஊட்டப்பட்டதும் ஒன்றுக்கொன்று முரணான பிழைகள்போலத் தோன்றுகின்றன. ஆனால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சலப்பை வெறுமையானது என்று தொடங்கியதாலேயே, அங்கு கிருமி இருத்தல், இல்லாமை என்ற ஒன்றே தீர்ப்பாயிற்று. நோயாளியின் சொல் சாட்சியமாக ஏற்கப்படவில்லை. இன்று தெரிவது யாதெனில், எத்தனை பற்றீரியா என்பதோடு, எவை, எவற்றோடு சேர்ந்து, எவருடைய உடலில், எந்த அறிகுறியோடு என்பனவும் கேட்கப்படவேண்டும் என்பதே.

நாம் அறியவேண்டியவை

அவ்வாறு கேட்கத் தொடங்கினால் காக்கும் வழிகளும் தென்படுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களில் ஈஸ்ரசன் சுரப்பு குறைய, இலக்ரோபசிலசும் குறைந்து, தொற்று மிகும். 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஈஸ்ரசன் வகைக் களிம்பை உள்ளே பூசிய பெண்களுக்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 0.5 முறையும், வெறுங்களிம்பு பூசியவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. களிம்பு பூசியவரிற் பெரும்பாலோரிடம் இலக்ரோபசிலசு மீண்டும் குடியேறியிருந்தது. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் எளியது. அடிக்கடி தொற்றுக்கு ஆளாகியவர்களும் குறைவாக நீர் அருந்துபவர்களுமான 140 பெண்களுள் ஒரு பாதியினர், நாள்தோறும் ஒன்றரை லீற்றர் தண்ணீர் கூடுதலாக அருந்தினர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரி 1.7 முறையும், மற்றையோர்க்கு 3.2 முறையும் தொற்று வந்தது. வேகத்தை அடக்காதே என்ற பழைய விதியோடு, போதிய நீர் அருந்து என்பதையும் சேர்த்துக்கொள்வதிற் தவறில்லை. பள்ளிக்கூடத்தில் மலசலகூடம் சரியில்லை என்பதற்காகக் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடியாதிருக்கும் மாணவியரை ஆசிரியர்கள் அறிவர். அவர்களுக்காகவும் இதனை எழுதுகின்றேன்.

ஒரு தவறான கருத்தை நீக்கப்போய் மற்றொன்றை விதைத்தல் ஆகாது. சலப்பையில் நல்ல குடிகளும் உண்டு என்பதால், நீரில் எரிவு வந்தாலும் இருந்துவிடலாம் என்று எவரும் எண்ணற்க. காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க நோவு, நீரிலே குருதி ஆகியவை தோன்றினால் வைத்தியரிடம் தாமதியாது செல்லவேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் சிறு அறிகுறிக்கும் செல்லவேண்டும். சென்ற முறை மிஞ்சிய குளிசையைத் தாமே விழுங்குவதும், அயலார்க்குக் கொடுத்ததை வாங்கி விழுங்குவதும் கைவிடத்தக்கவை. நல்ல குடிகளை அழித்து, மருந்துக்கு அஞ்சாத பற்றீரியாக்களை வளர்ப்பதற்கு அதனிலும் குறுக்குவழி வேறில்லை.

மொழியில் ஈடுபாடுடைய வாசகருக்கு இறுதியாக ஒன்று. ‘கிருமி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் பகைவனையே காண்கிறது. கிருமிநாசினி, கிருமித்தொற்று என அதன் உறவுச் சொற்கள் யாவும் போர்க்களச் சொற்கள். தயிர்க்கலத்தில் வாழ்வதையும், சிறுமியின் சலப்பையில் மூன்றாண்டு தீங்கின்றி வாழ்ந்ததையும் அச்சொல்லால் அழைத்தால், அழைத்தபோதே தீர்ப்பையும் கூறிவிடுகிறோம். நுண்ணங்கி, நுண்ணுயிர் என்னும் சொற்கள் பாடநூலிலே உண்டு. அவற்றுக்கு அந்தக் குற்றச்சாட்டு இல்லை. வகுப்பறையில் ஆசிரியர்கள் அவற்றை எடுத்தாண்டு, நோய் செய்வதை மட்டும் கிருமி என்று வழங்கினால், மாணவர் மனத்தில் இந்த வேறுபாடு இளமையிலேயே பதியும். நாளை அவர்களுள் ஒருவர் வைத்தியராகி, ‘வளர்ச்சி இல்லை’ என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் முன் அமரும்போது, அத்தாளை மடித்து வைத்துவிட்டு, உனக்கு எங்கே நோகிறது என்று இன்னொரு முறை கேட்பதற்கு அது துணைசெய்யலாம்.